மரம்னா உடனே 44 இல்ல: சின்ன மரச்சாமான் இம்போர்ட்டுக்கு ஹெச்எஸ் கோட் பிடிக்கிறது எப்படி

சென்னை தம்பு செட்டி தெருவுல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல நான் செக்லிஸ்ட், அதாவது கஸ்டம்ஸுக்கு தாக்கல் பண்ற பில்லோட வரைவு, அடிக்க ஆரம்பிச்ச புதுசு. புரசைவாக்கத்துல பாத்திரக்கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன் முதல் தடவையா வெளிநாட்டுல இருந்து சரக்கு எடுத்தாரு. இன்வாய்ஸ்ல ஒரே வரி, "மர கைவினைப் பொருட்கள், 38 பெட்டி". சரக்கு என்ன வகைன்னு கஸ்டம்ஸுக்கு சொல்ற ஹெச்எஸ் கோடையும் சப்ளையரே போட்டுட்டான், 4421. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா கரண்டி, சப்பாத்திக்கட்டை, நகைப்பெட்டி, சீப்பு, வளையல், அப்புறம் குழந்தைங்க உருட்டி விளையாடுற ஒரு வண்டி. "எல்லாம் மரம்தானே தம்பி, ஒரே கோடுல போட்டு விடுப்பா"ன்னாரு. நானும் போட்டேன். சரக்கு பத்தொன்பது நாள் குடோன்ல நின்னுச்சு, அந்த வண்டிதான் காரணம்.

அதுக்கப்புறம் எத்தனையோ மரச்சாமான் பாத்துட்டேன். தப்பு எப்பவும் ஒரே இடத்துலதான் நடக்குது, பொருள் மரம்னு தெரிஞ்ச உடனே மரத்துக்கான 44ஆம் சேப்டருக்குள்ள போய் தேட ஆரம்பிச்சிடறாங்க. பண்ண வேண்டியது தலைகீழ். இந்தப் பொருள் 44ஐ விட்டு வெளிய போகுதான்னு முதல்ல பாக்கணும், போகலன்னாதான் உள்ள வரணும். அந்த வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல அந்த நம்பரைப் பத்தி ரெண்டு வார்த்தை. முதல் 2 இலக்கம் சேப்டர், 4 ஆனா ஹெட்டிங், 6 ஆனா சப்ஹெட்டிங். இந்த 6 வரைக்கும் உலக சுங்க அமைப்போட ஹெச்எஸ் முறை, அதை எடுத்துக்கிட்ட எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான். அதுக்கு மேல வர்றது அந்தந்த நாட்டோட சொந்த விஷயம், நமக்கு 8 இலக்கம், 1975ஆம் வருஷ கஸ்டம்ஸ் டாரிஃப் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. அதனால சைனா சப்ளையர் 10 இலக்கத்துல ஒரு கோடு குடுத்தா கடைசி 4ஐ மறந்துடுங்க, முதல் 6ஐயும் ஒரு யோசனையா மட்டும் எடுத்துக்கோங்க, ஏன்னா அவன் கோடு போடறது அவன் ஊரு ஏற்றுமதி சலுகைக்கு, உங்க டியூட்டிக்கு இல்ல. இப்ப ஓடறது 2022 பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரி 1ல வருது, அப்ப பழைய கோடை காப்பி பேஸ்ட் பண்றவங்க எல்லாம் மாட்டுவாங்க.

முதல் ஸ்டெப்: பொருளை கையில எடுங்க

கோடு தேடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு தாள் போடுங்க. இது என்ன வேலைக்கு, முழு மரமா பிளைவுட்டா எம்டிஎஃப்பா (மரநாரை அழுத்தி செஞ்ச பலகை) மூங்கிலா, கூட வேற என்ன ஒட்டியிருக்கு (இரும்பு, சிலிக்கான், தோல், துணி), மேல ஏதாவது போர்த்தியிருக்கா, தரையில நிக்குமா மேசையில நிக்குமா சுவத்துல தொங்குமா, தனியா விக்கிறாங்களா செட்டாவா, மரத்தோட தாவரவியல் பேர் என்ன. கடைசி கேள்விக்கு சப்ளையர் "ஹார்ட்வுட்"னு பதில் போடுவான், விடாதீங்க, திரும்ப கேளுங்க, ஏன்னு பின்னாடி புரியும். நாலு பக்கமும் போட்டோ, அளவு தெரியற மாதிரி பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு.

ரெண்டாவது ஸ்டெப்: வெளிய போற கதவு

சேப்டர் 44 ஆரம்பத்துலயே நோட் 1னு ஒண்ணு இருக்கு, இதெல்லாம் இந்த சேப்டர்ல வராதுன்னு ஒரு பட்டியல். கோடை முடிவு பண்றதுக்கான ரூல்ஸ் மொத்தம் ஆறு, அதுல முதல் ரூல் சொல்றதே ஹெட்டிங் வாசகமும் சேப்டர் நோட்டும்தான் முடிவு பண்ணும்னு. ஆனா ஆன்லைன்ல கோடு தேடற நிறைய சைட்டு இந்த நோட்டையே காட்டாது, பொருள் பேரை அடிச்சா நம்பர் வரும், அவ்ளோதான்.

சின்ன சாமானுக்கு முக்கியமானது மட்டும் சொல்றேன். பொம்மை, விளையாட்டு சாமான் எல்லாம் சேப்டர் 95. பம்பரம், உருட்டற வண்டி, அடுக்கற வளையம் 9503. கேரம் போர்டு, செஸ், பல்லாங்குழி 9504. சேப்டர் 96 ஒரு பெரிய பள்ளம், சீப்பும் முடிக்கு குத்தற குச்சியும் 9615, பட்டன் 9606, பேனா 9608, பென்சில் 9609, பிரஷ் துடைப்பம் 9603, கைச்சல்லடை 9604, புகைக்கிற பைப் 9614. மர வளையலும் பாசி மாலையும் 7117, அதாவது இமிடேஷன் நகை. ஊன்றுகோல் சேப்டர் 66, மரச்செருப்பு 64, இசைக்கருவி 92, விளக்கு 9405, ஃபர்னிச்சர் 94. பின்னின கூடை, முறம் மாதிரி இருந்தா 46. கத்திக்கு மரப்பிடி இருந்தா அது கத்திதான், 82.

இதுல பிரஷ்ஷுக்கு மட்டும் ஒரு திருப்பம் இருக்கு. முழு பிரஷ் 9603, ஆனா முடி வைக்காத வெறும் மரக்கட்டையும் பிடியும் மட்டும் வந்தா அது திரும்ப 44க்கே வந்துடும், 4417. பார்ட்டா வாங்கி இங்க அசெம்பிள் பண்றவங்க கவனிக்கணும்.

ரொம்ப நேரம் போறது பொம்மையிலதான். நம்ம மரப்பாச்சியவே எடுத்துக்கோங்க. கொலுவுல முதல் படியில ராஜா ராணியா நிக்கும்போது அது அலங்காரச் சிலை, கொலு முடிஞ்சு வீட்டு வாண்டு அதுக்கு சொப்புல சோறு ஊட்டும்போது அது பொம்மை. கஸ்டம்ஸ்ல யாரு வாங்கி என்ன பண்ணுவாங்கன்னு பாக்க முடியாது, எதுக்குன்னு செஞ்சது, எப்படி விக்கிறாங்கன்னு பாப்பாங்க. சக்கரம் சுத்துதா, கை கால் ஆடுதா, பெட்டி மேல வயசு போட்டிருக்கா, குழந்தை படம் இருக்கா. மர யானை ஒண்ணு கூர்மையான தந்தத்தோட, பீடத்துல ஒட்டி, மேசை அலங்காரம்னு கேட்லாக்ல வந்தா 4420ன்னு வாதாடலாம். அதே யானைக்கு அடியில நாலு சக்கரமும் முன்னாடி ஒரு கயிறும் இருந்தா வாதமே வேண்டாம், 9503.

இது வெறும் நம்பர் சண்டை இல்ல. பொம்மைக்கு அடிப்படை டியூட்டி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. அதுக்கும் மேல, 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1ல இருந்து பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம், லைசென்ஸ் வாங்க வேண்டியது அந்த வெளிநாட்டு ஃபேக்டரி. டியூட்டியாவது காசு கட்டி முடிச்சிடலாம், சான்றிதழ் இல்லாத பொம்மைய என்ன காசு கட்டினாலும் வெளிய எடுக்க முடியாது. புரசைவாக்கம் அண்ணன் வண்டி அப்படித்தான் நின்னுச்சு, அது கூட இருந்த பாவப்பட்ட கரண்டியும் சேர்ந்து நின்னுச்சு. பொம்மை மாதிரி சந்தேகம் வர்ற பொருளை மத்த சரக்கோட ஒரே பில் ஆஃப் என்ட்ரியில (கஸ்டம்ஸுக்கு தாக்கல் பண்ற இம்போர்ட் பில்) கலக்காதீங்க.

ஃபர்னிச்சருக்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கு, சேப்டர் 94 நோட் 2. தரையில வைக்கிறதுக்குன்னு செஞ்சதுதான் 9403. விதிவிலக்கு, அலமாரி, புத்தக ஷெல்ஃப் மாதிரி தட்டு வச்ச சாமான் சுவத்துல மாட்டற மாதிரி இருந்தாலும் ஃபர்னிச்சர்தான். மேசை மேல வைக்கிற பேனா தட்டு, லெட்டர் ட்ரே, சுவத்துல மாட்டற கோட் ஹேங்கர் பலகை இதெல்லாம் ஃபர்னிச்சர் இல்ல, 4420க்கு திரும்பி வரும்.

அடுத்தது நகைப்பெட்டி, இது எனக்கு பிடிச்ச கேஸ். 4202ன்னு ஒரு ஹெட்டிங், பெட்டி பை எல்லாம் வர்றது. அதோட வாசகத்துக்கு ரெண்டு பாதி இருக்கு. முதல் பாதியில சூட்கேஸ், மூக்குக்கண்ணாடி கூடு, இசைக்கருவி பெட்டி, இதெல்லாம் எந்தப் பொருள்ல செஞ்சாலும் 4202தான், மரத்துல செஞ்ச வயலின் பெட்டியும் சேத்தி. ரெண்டாவது பாதியிலதான் நகைப்பெட்டி வருது, அது தோல், பிளாஸ்டிக் ஷீட், துணி, அட்டை இதுல செஞ்சதாவோ இல்ல இதுங்களாலயோ பேப்பராலயோ முழுசா, பெரும்பாலும் போர்த்தினதாவோ இருந்தா மட்டும். ஆக வெறும் பாலிஷ் போட்ட மர நகைப்பெட்டி 4420, அதே பெட்டிக்கு வெளிய வெல்வெட் ஒட்டினா 4202. உள்ள மட்டும் துணி வச்சிருந்தா 4420லயே நிக்கும். ஒரு ஷிப்மென்ட்ல ரெண்டு டிசைனுக்கு ரெண்டு சேப்டர், நம்பவே மாட்டாங்க.

மூணாவது ஸ்டெப்: 44க்குள்ள எங்க

வெளிய போகலன்னா இப்ப உள்ள வாங்க. செஞ்சு முடிச்ச சாமானுக்கு 4414ல இருந்து 4421 வரைக்கும்தான் பாக்கணும். போட்டோ ஃப்ரேம், முகம் பாக்கற கண்ணாடிக்கான ஃப்ரேம் 4414. பேக்கிங் பெட்டி, பாலெட் 4415. கருவி, கருவிப்பிடி, ஷூ அச்சு 4417. சாப்பாட்டு மேசை, சமையல்கட்டு சாமான் 4419. நகைப்பெட்டி, சிலை, அலங்காரம் 4420. இது எதுலயும் உக்காராதது 4421.

4419ல என்னென்ன வரும்னு ஹெச்எஸ் விளக்கக் குறிப்புல நீளமா ஒரு லிஸ்ட் இருக்கு, கரண்டி, தட்டு, கிண்ணம், ட்ரே, பூரிக்கட்டை, உலக்கை, வெட்டுப்பலகை, சமையலுக்கான அளவைன்னு. மசாலா டப்பாவும் இருக்கு, அதனால நம்ம அஞ்சறைப்பெட்டி மரத்துல வந்தா பெட்டின்னு 4420க்கு ஓடாதீங்க, 4419. இந்த விளக்கக் குறிப்பு சட்டம் இல்ல, ஆனா 1995ல சுப்ரீம் கோர்ட், ஷில்லாங் எக்சைஸ் கலெக்டர் போட்ட ஒரு கேஸ்ல, சந்தேகம் வந்தா ஹெச்எஸ்தான் பத்திரமான வழிகாட்டின்னு சொல்லிடுச்சு. அந்தக் கேஸே பிளாக்போர்டு (கரும்பலகை இல்ல, மரத்துண்டுகளை ஒட்டி செய்யற பலகை) பத்தினது, மரக்காரங்களுக்கு ராசியான தீர்ப்பு.

4421 கடைசிக் கூடை. துணி மாட்டற ஹேங்கர் 4421 10, துணி கிளிப், டூத்பிக், ஐஸ்கிரீம் குச்சி, காபி கலக்கற குச்சி, டாக்டர் நாக்கை அமுக்கிப் பாக்கற குச்சி, தீக்குச்சிக்கு மருந்து வைக்காத வெறும் குச்சி. மருந்து வச்சு தீப்பெட்டியா வந்தா 3605, அது வேற உலகம். ஐஸ்கிரீம் கப்போட வர்ற தட்டையான மரக்கரண்டி கரண்டி வேலை செய்யுது, அதனால 4419, குச்சி ஐஸ்ல இருக்கறது குச்சி மட்டும், 4421. ரெண்டும் ஒரே ஃபேக்டரியில ஒரே மெஷின்ல வெட்டறதுதான்.

மூங்கில் மரமா புல்லான்னு யாராவது கேட்டா, தாவரவியல்ல புல், ஆனா இந்த சேப்டர் நோட்ல மரம்னு சொன்னா மூங்கிலும் சேர்த்திதான். ஆனா 6 இலக்கத்துல பிரிச்சிடுவாங்க, மூங்கில் வெட்டுப்பலகை 4419 11, சாப்ஸ்டிக் 4419 12, மத்த மூங்கில் சமையல் சாமான் 4419 19, 4421ல மூங்கிலுக்கு 91. எம்டிஎஃப், பிளைவுட்ல செஞ்ச சாமானும் மரச்சாமான் மாதிரியேதான், எம்டிஎஃப் போட்டோ ஃப்ரேமும் 4414. 2022 பதிப்புல வெப்பமண்டல மரத்துக்கு தனி இடம் குடுத்துட்டாங்க, ஃப்ரேமுக்கு 4414 10, சமையல் சாமானுக்கு 4419 20, சிலைக்கு 4420 11. தேக்கு ஒரு பக்கம், ஐரோப்பா பீச் மரம் இன்னொரு பக்கம். சப்ளையர்கிட்ட மரத்தோட பேரை ஏன் விடாம கேக்கச் சொன்னேன்னு இப்ப தெரியுதா.

நாலாவது ஸ்டெப்: கலப்பும் செட்டும்

ரெண்டு பொருள்ல செஞ்ச சாமானுக்கு ரூல் 3. மொத்தத்துல எந்தப் பகுதி அந்தப் பொருளுக்கு உயிரா இருக்கோ அதோட ஹெட்டிங். மரப்பிடி வச்ச சிலிக்கான் கரண்டிய எடுத்துக்கோங்க, எடையில மரம்தான் ஜாஸ்தியா இருக்கும், ஆனா சூடான கடாயில வேலை செய்யறது சிலிக்கான் தலை. நான் 3924, அதாவது பிளாஸ்டிக் சமையல் சாமான் பக்கம்தான் சாய்வேன். மறுத்துப் பேசறவங்களும் இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல. எந்தப் பக்கம் போனாலும் காரணத்தை எழுதி ஃபைல்ல வைங்க.

செட்டுன்னா மூணு நிபந்தனையும் சேர்ந்து இருக்கணும், ரெண்டு வேற வேற ஹெட்டிங் பொருளாவது உள்ள இருக்கணும், ஒரே தேவைக்கு சேர்ந்து வரணும், பிரிச்சு பேக் பண்ணாம அப்படியே கஸ்டமருக்கு விக்கிற மாதிரி இருக்கணும். வெட்டுப்பலகையும் கத்தியும் ஒரே கிஃப்ட் பெட்டியில வந்தா செட். பலகை ஒரு கார்ட்டன், கத்தி ஒரு கார்ட்டன், இங்க வந்து சேத்துக்கறோம்னா செட் இல்ல, தனித்தனி வரி. எதுவுமே முடிவாகலன்னா, சமமா பொருந்தற ஹெட்டிங்ல நம்பர் வரிசையில கடைசியா வர்றது. அதை முதல் ஆயுதமா எடுக்காதீங்க.

அஞ்சாவது ஸ்டெப்: கணக்கு

8 இலக்கம் அன்னிக்கு நடப்புல இருக்கற அட்டவணையில இருந்துதான் எடுக்கணும், போன வருஷ பில்லுல இருந்து இல்ல. ரேட்டும் அப்படித்தான், குறிப்பா ஐஜிஎஸ்டி, அதாவது இம்போர்ட் மேல வர்ற ஜிஎஸ்டி. புரியறதுக்கு ஒரு கணக்கு. மரக்கரண்டி சிஐஎஃப் மதிப்பு (சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி சேர்ந்தது) 1,00,000 ரூபாய், அடிப்படை டியூட்டி 10 சதவீதம் 10,000, அந்த 10,000 மேல 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ் 1,000. இப்ப 1,11,000 மேல ஐஜிஎஸ்டி, அதை 5 சதவீதம்னு வச்சுக்கிட்டா 5,550. மொத்தம் 16,550, இதுல ஐஜிஎஸ்டிய ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணவங்க கிரெடிட் எடுத்துக்கலாம், மீதி உங்க செலவு.

அதே 1,00,000 ரூபாய்க்கு 100 கிலோ மர வளையல்னு வைங்க. 2022 பட்ஜெட்ல இமிடேஷன் நகைக்கு 20 சதவீதம் இல்லன்னா கிலோவுக்கு 400 ரூபாய், எது ஜாஸ்தியோ அதுன்னு கொண்டு வந்தாங்க. 2023ல இருந்து அந்த ரேட் மாறிடுச்சு, முறை புரியறதுக்கு மட்டும் 2022 ரேட்ல கணக்கு போடறேன். 20 சதவீதம்னா 20,000, கிலோ கணக்குல 40,000. மலிவான, கனமான சரக்குக்கு கிலோ கணக்குதான் அடிக்கும், மர வளையல் ரெண்டுமே. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி எடை கேளுங்க.

வியட்நாம், இந்தோனேஷியா மாதிரி ஆசியான் நாட்டுல இருந்து வந்தா ஒப்பந்தத்துல டியூட்டி குறையலாம், அதுக்கு அந்த நாட்டு ஆரிஜின் சர்டிஃபிகேட் வேணும். 2020 செப்டம்பர் 21ல இருந்து கரோட்டார்னு ஒரு விதி இருக்கு, சர்டிஃபிகேட் காட்டினா மட்டும் போதாது, மரம் எங்க வெட்டினது எங்க செஞ்சதுன்னு இம்போர்ட்டர் கையிலயே விவரம் இருக்கணும். சர்டிஃபிகேட்ல ஒரு கோடு, உங்க பில்லுல இன்னொரு கோடுன்னா கேள்வி கண்டிப்பா வரும்.

ஆறாவது ஸ்டெப்: டியூட்டி இல்லாத மத்த தலைவலி

மரத்துல பூச்சி வரும், அதனால 2003ஆம் வருஷ தாவர தனிமைப்படுத்தல் ஆணைன்னு ஒண்ணு இருக்கு. பதப்படுத்தாத மரத்துக்கு அது முக்கியம், சென்னையில அதோட ஸ்டேஷன் மீனம்பாக்கத்துல. உங்க சாமான் வார்னிஷ் போட்டு பளபளன்னு இருந்தாலும் அதை வச்சு அனுப்பின மரப்பெட்டிக்கும் பாலெட்டுக்கும் தனி விதி, ஐஎஸ்பிஎம் 15ங்கற சர்வதேச தர விதி. மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரியில 30 நிமிஷம் சூடாகியிருக்கணும், இல்லன்னா மருந்துப் புகை போட்டிருக்கணும், கோதுமைக்கதிர் படம் போட்ட ஐபிபிசி (சர்வதேச தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம்) முத்திரை கட்டையில இருக்கணும். முத்திரை இல்லாத பாலெட்டால நல்ல சரக்கு மாட்டிக்கும். ஏத்தறதுக்கு முன்னாடி வாட்ஸப்ல அந்த முத்திரையோட போட்டோ வாங்கிடுங்க, இதுக்கு மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம்.

ரோஸ்வுட் வகை, டால்பெர்ஜியா பேரினம் கிட்டத்தட்ட மொத்தமும், 2017 ஜனவரியில இருந்து சைட்டீஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, அந்தப் பட்டியல்ல செம்மரமும் இருக்கு. "ரோஸ்வுட் கலர்"னு சப்ளையர் எழுதினா அது கலரா மரமான்னு எழுத்துல வாங்குங்க.

ஏழாவது ஸ்டெப்: எழுதற விதம்

இப்ப ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட். 2020 ஜூன் 8ல முதல் கட்டமா சென்னையிலயும் பெங்களூருலயும்தான் ஆரம்பிச்சாங்க. உங்க சரக்கு காட்டுப்பள்ளியில இறங்கும், பில்லைப் பாக்கற ஆபீசர் வேற ஏதோ ஊருல இருப்பாரு. ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ்ல மாடி ஏறி சாம்பிளைக் காட்டி விளக்கின காலம் போச்சு. அவருக்குத் தெரியறது நீங்க எழுதின வரியும் அப்லோட் பண்ண பேப்பரும் மட்டும்தான்.

அதனால "மர கைவினை"ன்னு எழுதாதீங்க. "சமையல் கரண்டி, முழு பீச் மரம், 30 செ.மீ., எண்ணெய் பூச்சு, வேற பொருள் எதுவும் சேக்கல" இப்படி எழுதணும். நகைப்பெட்டின்னா "வெளிப்பக்கம் துணியோ தோலோ பேப்பரோ போர்த்தல". எந்த நோட் உங்களை வெளிய தள்ளுமோ அதுக்கு பதில் அந்த வரியிலயே இருக்கணும். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அதே வார்த்தையில வரணும், அதனால சப்ளையர் இன்வாய்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடியே டிஸ்கிரிப்ஷனை நீங்க எழுதி அனுப்பிடுங்க. ஏஜென்ட் செக்லிஸ்ட் அனுப்பினா "ஓகே"ன்னு தம்ஸ் அப் போடாம ஒவ்வொரு வரியா படிங்க. செல்ஃப் அசெஸ்மென்ட்தான் சட்டம், பிரிவு 17, தப்புன்னா பொறுப்பு முதல்ல இம்போர்ட்டர் தலையிலதான். சரக்கு வெளிய வந்ததும் முடிஞ்சு போச்சுன்னு இல்ல, குறைவா கட்டின டியூட்டிய பிரிவு 28ல சாதாரணமா 2 வருஷம், மறைச்சதா நிரூபிச்சா 5 வருஷம் வரைக்கும் திருப்பிக் கேக்கலாம்.

கஸ்டம்ஸ்ல இருந்து கேள்வி வந்தா

பதறி உடனே கோடை மாத்தி ஒத்துக்காதீங்க, ஒரு தடவை ஒத்துக்கிட்டா அடுத்த ஷிப்மென்டுக்கும் அதுவே தலையில விழும். ரூல், நோட், ஹெட்டிங், போட்டோ, கேட்லாக் பக்கம், இந்த வரிசையில சின்னதா பதில். "போன தடவை இப்படித்தான் விட்டாங்க"ங்கறது பதில் இல்ல. ஆபீசர் சொல்றது சரின்னு தோணினா தாராளமா மாத்துங்க, நான் மூணு தடவை மாத்தியிருக்கேன், ரெண்டு தடவை அவங்க சொன்னதுதான் சரி. சரியில்லன்னு நினைச்சா எழுத்துல ஆர்டர் கேளுங்க, ஆர்டர் கையில வந்த நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள கமிஷனர் அப்பீல்ஸ்கிட்ட போகலாம். டெமரேஜ் (சரக்கு நின்னதுக்கான வாடகை) ஏறுதுன்னா எதிர்ப்பு தெரிவிச்சு டியூட்டிய கட்டி சரக்கை எடுத்துட்டு சண்டைய தனியா நடத்துங்க.

ஒரே பொருளை வருஷம் முழுக்க கொண்டு வர்றவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, அட்வான்ஸ் ரூலிங். சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே கோடு என்னன்னு கேட்டு வாங்கறது. டெல்லியிலயும் மும்பையிலயும் அதுக்கான அத்தாரிட்டி 2021ல இருந்து நடக்குது, ஃபீஸ் 10,000 ரூபாய், ரூலிங் சில வருஷத்துக்கு செல்லும், நடுவுல சட்டம் மாறாத வரைக்கும். ஒரு கன்டெய்னர் நாலு நாள் நின்னா ஆகற செலவை நினைச்சுப் பாத்தா 10,000 பெரிசில்ல. நாலு பெட்டி கரண்டிக்கு வேண்டாம், சிலிக்கான் கரண்டி மாதிரி ரெண்டு பக்கமும் இழுக்கற பொருளுக்கு கண்டிப்பா போங்க.

புரசைவாக்கம் அண்ணன் இப்பவும் மரச்சாமான் எடுக்கறாரு. வண்டி மட்டும் இல்ல. போன மாசம் புது மாடல் ஒண்ணு போட்டோ அனுப்பினாரு, ஆமை வடிவத்துல ஒரு கட்டை, முதுகுல ஓட்டை ஓட்டையா. "பேனா ஸ்டாண்டுப்பா, பொம்மை இல்ல"ன்னு அவரே முந்திக்கிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணேன்னு கேட்டேன். ரெண்டு சக்கரம் இருந்துச்சு.